கையிலிருக்கும் போன் எழுதும் துண்டு

(வடக்கில் படிக்கின்ற, வேலை செய்கின்ற மலையகப் பிள்ளைகளும், அவர்களைப் பார்க்க வந்திருந்த பெற்றோரும் யாழ்ப்பாணம் உடுவிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடியபோது, அவ்வூர்க் கணினி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை.)



நான் இந்த ஊர்க்காரன். உடுவிலைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் பெண்பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைத்தான் சொல்ல வேண்டும். அமெரிக்க மிஷனரிமார் 1824 இல் அதைத் தொடங்கினார்கள். உங்கள் முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்கு வரத் தொடங்கியதை 1823 இலிருந்து கணக்கு வைத்து, 2023 இல் மலையகத்தின் 200 ஆண்டை நினைவுகூர்ந்தீர்கள். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தும் போனீர்கள். ஒரு வருட வித்தியாசத்தில் இரண்டு கதைகள் தொடங்கியிருக்கின்றன. இங்கே சில பெண்பிள்ளைகள் எழுத்துப் படிக்கத் தொடங்கினார்கள். அங்கே காட்டை வெட்டித் தோட்டம் போட்ட மனிதர்களுக்கு, தங்களைப் பற்றி எழுதிய காகிதத்தைத் தாங்களே வாசிக்க வழியில்லாமல் இருந்தது.

இன்று நான் பேச வந்தது அந்தக் காகிதத்தைப் பற்றித்தான். அது இப்போது உங்கள் சட்டைப் பையிலும் கைப்பையிலும் இருக்கிறது.

தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பெயரும் தோட்டமும் வேண்டாம். லயத்தில் ஒரு காம்பரா, ஐந்து பேர், ஒரு ஸ்மார்ட் போன். பகலில் அம்மா மலைக்குப் போகும்போது போன் வீட்டில் இருக்கும். பிள்ளைகள் பாடம் பார்ப்பார்கள். இரவில் அண்ணன் கிரிக்கெட் பார்ப்பான். அம்மாவுக்கு உடம்பில் ஒரு சுகக்கேடு. பெண்களுக்கு வருவது. டிஸ்பென்சரியில் சொல்லவும் வெட்கம். பக்கத்து வீட்டில் சொன்னால் லயம் முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் ஒருநாள் போனை எடுத்து, மைக்கை அழுத்தி, தமிழிலேயே கேட்டிருக்கிறார். பதிலும் வந்திருக்கிறது.

அடுத்த நாள் மகன் வீடியோ பார்க்கப் போனைத் திறக்கிறான். அம்மா கேட்ட நோயைப் பற்றிய வீடியோ மேலே நிற்கிறது. அதற்கு மருந்து விற்கிற விளம்பரம் கீழே நிற்கிறது. எதையோ தேட ஓர் எழுத்தைத் தட்டினால், அம்மா கேட்ட கேள்வி முழுதாக வந்து விழுகிறது. அந்த அம்மா என்னிடம் கேட்டது இதுதான்: “சேர், நான் யாருக்கும் சொல்லல்லியே. அது எப்படி இவனுக்குத் தெரிஞ்சிச்சு?”

அம்மா யாருக்கும் சொல்லவில்லை என்பது உண்மை. போனுக்குச் சொன்னார். கேட்டதைக் குறித்து வைப்பதுதான் அதன் வேலை என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

கூகுள் 1998 இல் தொடங்கிய கம்பனி. தொடக்கத்தில் ஒரே சொல்லை யார் தேடினாலும் ஏறக்குறைய ஒரே பதில்தான் வரும். 2005 இல், கணக்குத் திறந்து உள்ளே வருகிறவர்களுக்கு மட்டும், அவர்கள் முன்பு தேடியதைப் பார்த்துப் பதிலை மாற்றிக் கொடுக்கத் தொடங்கினார்கள். 2009 டிசம்பரில் கணக்கே இல்லாதவர்களுக்கும் அப்படிச் செய்யத் தொடங்கினார்கள். கணக்கு இல்லாத ஆளை எப்படி அடையாளம் பிடிப்பது? அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். ‘குக்கீ’ என்ற சின்னக் குறிப்பொன்றை உங்கள் போனிலோ கணினியிலோ போட்டுவிடுவது. அதில் உங்கள் பெயர் இருக்காது, ஓர் இலக்கம் இருக்கும். நீங்கள் மறுபடி வரும்போது அந்த இலக்கத்தைப் பார்த்து, “இது நேற்று வந்த ஆள்” என்று தெரிந்துகொள்வார்கள். அப்படி 180 நாள் தேடியதை வைத்துப் பதிலை மாற்றினார்கள்.

இலக்கம் என்றதும் மூத்தவர்களுக்கு ஒன்று ஞாபகம் வர வேண்டும். 1900களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டிலிருந்து தோட்டத்துக்கு ஆள் கொண்டுவந்தபோது, ஒவ்வொருவருக்கும் ஒரு தகரவில்லை கொடுத்தார்கள். ‘டின் டிக்கெட்’ என்பார்கள். எந்தத் தோட்டம், எத்தனையாவது ஆள் என்ற இலக்கம் அதில் அடித்திருக்கும். கயிற்றில் கட்டிப் போட்டுக்கொண்டு வர வேண்டும. வழியில் இருந்த உத்தியோகத்தர் எவருக்கும் பெயர் தேவைப்படவில்லை. தகரத்தைப் பார்த்தால் ஆள் எங்கே போய்ச் சேர வேண்டியவர் என்று தெரிந்துவிடும். குக்கீயும் அப்படி ஒரு தகரவில்லைதான். ஒரே வித்தியாசம், இது கழுத்தில் தொங்குவது நமக்கே தெரியாது.

“பெயர்தானே இல்லை, இலக்கம்தானே, போகட்டும்” என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். 2006 ஆகஸ்டில் ஏ.ஓ.எல். என்ற கம்பனி, சுமார் 6,50,000 பேர் மூன்று மாதத்தில் தேடிய ஏறக்குறைய 2 கோடி தேடல்களை ஆராய்ச்சிக்கு என்று பகிரங்கமாக வெளியிட்டது. பெயர்களை எல்லாம் எடுத்துவிட்டு இலக்கம் மட்டும் போட்டிருந்தார்கள். நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகைக்காரர்கள் ஓர் இலக்கத்தை எடுத்து, அந்த ஆள் என்னென்ன தேடினார் என்று வரிசையாக வாசித்தார்கள். தன் ஊரில் தோட்டவேலைக்கு ஆள் தேடியிருக்கிறார். தன் குடும்பப் பெயர் உள்ளவர்களைத் தேடியிருக்கிறார். தன் நாயைப் பற்றித் தேடியிருக்கிறார். சில நாட்களில் அவர் வீட்டுக் கதவையே தட்டிவிட்டார்கள். ஜோர்ஜியா மாநிலத்தில் இருந்த 62 வயது விதவை அவர். நாம் தேடுவதே நம்மைக் காட்டிக் கொடுத்துவிடும். அதற்குப் பெயர் தேவையில்லை.

சரி, இவ்வளவு பாடுபட்டு ஏன் குறித்து வைக்கிறார்கள்? தேடுவதற்கு நாம் காசு கொடுப்பதில்லை. ஆனாலும் 2023 ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் விளம்பரத்தால் கூகுளுக்கு வந்த வருமானம் 237 பில்லியன் அமெரிக்க டொலருக்கும் மேல். நீங்கள் புதுப் போன் வாங்கித் திறந்ததும் தேடுவதற்குக் கூகுள் தயாராக நிற்கிறதல்லவா? அப்படி நிற்பதற்காகப் போன் கம்பனிகளுக்கும் மற்றவர்களுக்கும் 2021 இல் 26 பில்லியன் டொலருக்கும் மேல் கொடுத்திருக்கிறார்கள். இது அமெரிக்க நீதிமன்றத்தில் வெளிவந்த கணக்கு. தேடல் சந்தையைச் சட்டவிரோதமாகத் தன் கைக்குள் வைத்திருந்தது என்று அந்த நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. உங்கள் கேள்விக்கு விலை இல்லாமலா இவ்வளவு காசு கொடுப்பார்கள்?

கொழுந்து நிறுக்கிற இடத்தை நினைத்துப் பாருங்கள். தண்ணீருக்கு, சாக்குக்கு என்று கிலோவைக் கழிக்கிறார்கள் என்று சண்டை பிடிக்கிறீர்கள். ஏன் சண்டை பிடிக்க முடிகிறது? தராசு உங்கள் கண்முன்னால் இருக்கிறது. முள் எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம். பேர் விழுந்ததா, அரைப்பேரா என்று கேட்கலாம். இந்த வியாபாரத்தில் நிறுக்கப்படுவது நாம். தராசு எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். எல்லாப் பதிலும் ஆளுக்கு ஆள் மாறுவதில்லை. “நுவரெலியா பஸ் நேரம்” என்று யார் தேடினாலும் பெரிய வித்தியாசம் வராது. நிற்கிற இடம், பாவிக்கிற மொழி, இவற்றால்தான் சாதாரணத் தேடலில் அதிகமாக மாறும். ஆளைப் பார்த்து அதிகம் மாறுவது விளம்பரமும், யூடியூப், பேஸ்புக் தானாகக் கொண்டுவந்து காட்டுகிறவையும். தேடுபொறி உலகத்தை மறைத்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. நமக்கு எது முன்னால் வர வேண்டும் என்பதை, நமக்குத் தெரியாத ஒரு குறிப்பை வைத்து இன்னொருவர் தீர்மானிக்கிறார் என்கிறேன்.

வசதியுள்ளவனுக்கு அதனால் வருவது சப்பாத்து விளம்பரம். பார்த்துவிட்டுப் போவான். நம் வீடுகளுக்கு வருவது வேறு. நகை அடகு வைப்பதைப் பற்றி ஒருமுறை தேடினால், உடனடிக் கடன் தருகிறோம் என்று செயலிகள் வரிசையில் வந்து நிற்கும். நுண்நிதிக் கடனால் வடக்கிலும் மலையிலும் பெண்கள் பட்ட பாட்டை நீங்கள் அறிவீர்கள். இந்தக் கடன் செயலிகளில் சில, போனில் உள்ள பெயர்கள் எல்லாவற்றையும் பார்க்க அனுமதி கேட்கும். தவணை பிந்தினால் உறவுக்காரருக்கும் வேலை செய்யும் இடத்துக்கும் அழைப்புப் போகும். வெளிநாட்டு வேலை என்று தேடினால் முகவர் விளம்பரம் வரும். அவர் அனுமதிப்பத்திரம் உள்ளவரா என்று விளம்பரம் சொல்லாது. அதை 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திடம் கேளுங்கள். கஷ்டத்தில் இருக்கிறவர் எந்த நேரத்தில் என்ன கேட்கிறார் என்று தெரிந்தவனுக்கு, அவரிடம் எதை விற்கலாம் என்றும் தெரியும்.

தொழிற்சங்கத்துக்கும் இதில் அக்கறை இருக்க வேண்டும். பிரட்டுக்களத்தில் ஒட்டுகிற அறிவித்தலை எல்லோரும் வாசிக்கிறார்கள். வாசித்தபடியால் ஒன்றாகக் கேள்வி கேட்கிறார்கள். ஆளுக்கொரு அறிவித்தல் இரகசியமாகப் போனால் ஒன்றாகக் கேட்க என்ன இருக்கிறது? இன்னொன்று, சங்கம் வளர்ந்ததே நாலு பேர் மறைவாகப் பேச இடம் இருந்ததால்தான். தோட்டத்துக்குள் வெளியார் கால் வைக்க முடியாத காலத்தில் நடேசய்யர் புடவை வியாபாரி போல வேடம் போட்டு லயங்களுக்குப் போனார் என்று உங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். இன்று ஒரு பிள்ளை, ஈ.பி.எஃப். காசு கட்டாத கம்பனி மீது யாரிடம் முறையிடுவது என்று தேடுகிறது என்று வையுங்கள். அந்தத் தேடல் எங்கோ எழுதப்பட்டிருக்கும். வேலைத்தலத்துக் கணினியில் தேடினால் முதலாளியும் பார்க்கலாம்.

நான் சொன்ன காகிதத்துக்கு வருகிறேன். இளம் பிள்ளைகளுக்குத் துண்டு முறை தெரியாமல் இருக்கலாம். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் ஒரு துண்டு வேண்டும். இந்தக் கங்காணிக்கும் அவருடைய ஆட்களுக்கும் இவ்வளவு கடன், அதைக் கட்டினால் விடுவிப்போம் என்று தோட்டம் அதில் எழுதிக் கொடுக்கும். புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுக்கும். கடன் குறையாது. தோட்டத்துக்குத் தோட்டம் அது ஏறிக்கொண்டே போகும். எழுதிய தொகை சரியா என்று அந்தத் தொழிலாளிக்குத் தெரியாது. தெரிந்தாலும் பிழை என்று சொல்லித் திருத்த முடியாது. 1921 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால்தான் அது ஒழிந்தது. பிறகு 1948 இல், காட்டுவதற்குக் காகிதம் இல்லை என்பதால் இலட்சக்கணக்கானவர்களின் குடியுரிமை போனது. ஒரு காகிதம் ஒரு மனிதரை என்ன செய்யும் என்று உங்களுக்கு வேறு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

துண்டில் இருந்த கொடுமை என்ன? ஒருவரைப் பற்றி இன்னொருவர் எழுதினார். எழுதப்பட்டவர் அதைப் பார்க்க முடியவில்லை, திருத்த முடியவில்லை, அழிக்க முடியவில்லை. அந்த மூன்றையும் இன்றைக்கும் நாம் கேட்க வேண்டும்.

கேட்டால் கிடைக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் ஸ்பெயினில் இருக்கிறது. அங்கே ஒருவருக்குக் கடன் ஏறி, வீட்டை ஏலம் போடும் அறிவித்தல் 1998 இல் பத்திரிகையில் வந்தது. கடன் தீர்ந்துவிட்டது. ஆனால் பத்து வருடம் கழித்தும் அவர் பெயரைக் கூகுளில் தேடினால் அந்த அறிவித்தல்தான் முன்னால் வந்தது. தீர்ந்த கடன் ஆளை விடவில்லை, நம் துண்டு மாதிரி. அவர் முறைப்பாடு செய்தார். பழையதாகி, இனித் தேவையில்லாமல் போன விடயத்தைத் தன் பெயரில் காட்ட வேண்டாம் என்று ஒருவர் தேடுபொறியைக் கேட்கலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014 மே 13 அன்று தீர்ப்புச் சொன்னது. இந்தியாவிலும் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமுகமாகத் தீர்ப்பளித்தார்கள். வழக்குப் போட்டவர் புட்டசாமி என்ற ஓய்வுபெற்ற நீதிபதி.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்கவும், பிழையைத் திருத்தச் சொல்லவும், அழிக்கச் சொல்லவும், கொடுத்த சம்மதத்தைத் திருப்பி எடுக்கவும் அதில் உரிமை எழுதியிருக்கிறது. ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வர வேண்டியிருந்த முக்கியமான பகுதிகள் தள்ளிப்போடப்பட்டன. எழுதிய சட்டம் கைக்கு வரும்வரை தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சம்பளச் சட்டத்தில் அந்தப் பாடத்தை நீங்கள் நன்றாகப் படித்தவர்கள்.

அதுவரை நாம் செய்யக்கூடியவை சில இருக்கின்றன. போனை எடுத்து வைத்துக்கொண்டு கேளுங்கள்.

முதலாவது, உங்கள் போனில் உள்ள கூகுள் கணக்கைத் திறந்தது யார்? பாதிப்பேருக்குப் போன் விற்ற கடைத் தம்பி திறந்து கொடுத்திருப்பார். கடவுச்சொல் அவரிடம் இருக்கும், உங்களுக்குத் தெரியாது. அந்தச் சொல் உள்ளவர் தன் கடையில் இருந்தபடியே நீங்கள் தேடியதை வாசிக்கலாம். அவர் நல்லவராக இருக்கலாம். ஆனாலும் வீட்டுச் சாவியைக் கடையில் வைத்துவிட்டு வருவோமா? இன்றைக்கே மாற்றுங்கள். புதிய கடவுச்சொல்லை மகளிடமோ மகனிடமோ கேட்டு நீங்களும் தெரிந்து வைத்திருங்கள்.

இரண்டாவது, கூகுள் கணக்குக்குள் ‘மை அக்டிவிட்டி’ என்ற பக்கம் இருக்கிறது. தேடியது, பார்த்தது, மைக்கில் கேட்டது, பலவும் திகதி நேரத்தோடு அங்கே இருக்கும். ஒருமுறை திறந்து பாருங்கள். பலர் பார்த்ததும் பேச்சில்லாமல் இருந்துவிடுவார்கள். வேண்டாததை அங்கேயே அழிக்கலாம். இனிக் குறித்து வைக்காதே என்று ‘வெப் அன்ட் அப் அக்டிவிட்டி’யை நிறுத்தலாம். நிறுத்த விருப்பமில்லாவிட்டால், 3 மாதத்துக்கு மேல் பழையது தானாக அழியும்படி வைக்கலாம்.

மூன்றாவது, ஒரே போனைப் பலர் பாவிக்கும் வீட்டில், அந்தரங்கமான ஒன்றைத் தேடினால் முடிந்ததும் அழித்துவிடுங்கள். கடைசி 15 நிமிடத்தில் தேடியதை மட்டும் அழிக்கும் வசதி கூகுள் செயலியில் இருக்கிறது. அந்த அம்மாவுக்கு நான் முதலில் காட்டிக் கொடுத்தது இதைத்தான்.

நான்காவது, ‘இன்கொக்னிட்டோ’ என்ற மறைவுப் பக்கத்தை முழுதாக நம்ப வேண்டாம். வீட்டில் உள்ளவர் கண்ணில் படாமல் அது மறைக்கும். வெளியில் உள்ள கம்பனிகளிடமிருந்து மறைக்காது. இதற்காக 2020 இல் அமெரிக்காவில் கூகுள் மீது வழக்குப் போட்டார்கள். அப்படிச் சேர்ந்த கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க 2024 இல் கூகுள் உடன்பட்டது.

ஐந்தாவது, டக்டக்கோ போன்ற, ஆளைக் குறித்து வைக்காமல் தேடித் தருவதாகச் சொல்லும் தேடுபொறிகளும் இருக்கின்றன. நோய், கடன், வழக்கு போன்றவற்றை அங்கே தேடிப் பழகலாம். தமிழில் பதில் சில நேரம் குறைவாக வரும்.

ஆறாவது, செயலி எதுவும் உங்கள் தொடர்பு இலக்கங்களைக் கேட்டால், ஏன் என்று யோசிக்காமல் ‘அலவ்’ அழுத்தாதீர்கள். கடன் கொடுக்கிறவனுக்கு உங்கள் மாமியாரின் இலக்கம் எதற்கு?

இவையெல்லாம் வீட்டுக்குள் செய்கிற வேலை. ஆனால் தனித்தனியாகக் கதவைப் பூட்டுவதால் மட்டும் துண்டு முறை ஒழியவில்லை. சட்டத்தால்தான் ஒழிந்தது. ஆகவே சங்கத்திடம் இரண்டு விடயங்களைக் கேட்கச் சொல்கிறேன். தரவுப் பாதுகாப்புச் சட்டம் முழுதாக நடைமுறைக்கு வர வேண்டும் என்ற கோரிக்கையைச் சம்பளம், காணி, வீடு என்ற உங்கள் கோரிக்கைகளின் பக்கத்தில் எழுதுங்கள். தோட்டத்திலும் செக்ரோல் போனுக்கும் கணினிக்கும் மாறும்போது, தன் பேரில் என்ன பதிந்திருக்கிறது என்று தொழிலாளி தமிழில் பார்க்கவும், பிழை என்றால் திருத்தவும் வழி வைக்கச் சொல்லுங்கள்.

அந்த அம்மாவைப் பற்றிக் கடைசியாக ஒன்று. அழிப்பது எப்படி என்று காட்டிக் கொடுத்த பிறகு, “இனிப் போன்ல ஒன்னும் கேக்க மாட்டேன் சேர்” என்றார். நான் வேண்டாம் என்றேன். கேளுங்கள் அம்மா, கேட்பது உங்கள் உரிமை, கேட்டதை அழிப்பதும் உங்கள் உரிமை என்றேன். பிறகு அவர் மகளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். மருந்து எடுத்தார், இப்போது சுகம். பயத்தில் போனைக் கீழே வைத்திருந்தால் அந்தச் சுகமும் கிடைத்திருக்காது.

இருநூறு வருடத்துக்கு முன் இந்த ஊரில் பெண்பிள்ளைகள் எழுத்தைப் படித்தார்கள். உங்களைப் பற்றி எழுதப்படுவதை வாசிக்க இன்றைக்கு நீங்கள் படியுங்கள். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அந்தக் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.